“இந்த வருசம் இங்கிலீஷ் கதைப்பன்”: அம்மாவின் தீர்மானம் ஏன் மாசியில் நின்றுபோகிறது?

உங்கள் கேள்வி இது. அம்மாவுக்கு 56 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று வருடங்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கான லிங்க் என்ற ஆங்கில வகுப்புக்குப் போகிறார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் “இந்த வருசம் எப்படியும் இங்கிலீஷ் கதைச்சுப் போடுவன்” என்று புதுக் கொப்பி, பேனை வாங்கி வைக்கிறார். மாசி பாதியில் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. இந்த முறை என்ன இலக்கு வைத்தால் நிலைக்கும்? அவர் பிழையாகக் கதைத்தால் நான் திருத்தலாமா?

ரொறன்ரோவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். உங்கள் அம்மாவைப் போன்ற பல அம்மாக்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கொப்பி அலுமாரிக்குள் போனதற்கு அம்மாவின் சோம்பல் காரணமில்லை. “இங்கிலீஷ் கதைப்பன்” என்பது ஆசை. காலையில் எழும்பி அதில் எந்த நுனியைப் பிடிப்பது? இரவு படுக்கும்போது இன்றைக்கு அதைச் செய்தேனா இல்லையா என்று எப்படித் தெரியும்? பிடி கிடைக்காத பொருளை ஆறு கிழமைக்கு மேல் யாராலும் தூக்கிக்கொண்டு திரிய முடியாது.

இலக்கு வைப்பதைப் பற்றி ஆராய்ந்தவர்களில் பெரிய பெயர்கள் இரண்டு: எட்வின் லொக், கேரி லேதம். லேதம் இங்கேயே, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். “முடிந்ததைச் செய்” என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்திருந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று இருவரும் 1990இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். லேதமின் பிந்திய ஆய்வுகளில் வந்த இன்னொரு விஷயம்தான் என் வகுப்பில் எனக்கு அதிகம் உதவியது. வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது “இவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும்” என்ற இலக்கு ஆளைப் பதற வைக்கும். “இதைச் செய்ய ஒரு வழி பழகு” என்ற இலக்குத்தான் அப்போது கை கொடுக்கும். ஆகவே “மார்கழிக்குள் லெவல் 5” என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டாம்.

லெவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் வீடுகளில் சண்டையாகிறது. கனடாவில் வளர்ந்தவர்களின் ஆங்கிலத்தை சி.எல்.பி. என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். மொத்தம் 12 படிகள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கையும் தனித்தனியாகத்தான் அளப்பார்கள். ஊரில் ஓ.எல். (சாதாரண தரம்) வரை படித்த அம்மாமாருக்கு வாசிப்பில் 4 வந்திருக்கும், பேச்சில் 2ஆக இருக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடிதம் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்வார், வாசலில் நிற்கும் தபால்காரரிடம் ஒரு வார்த்தை வராது. அம்மாவின் மதிப்பீட்டுத் தாளை எடுத்து அந்த நான்கு எண்களையும் பாருங்கள். எது ஆகக் குறைவோ, பெரும்பாலும் அங்கேதான் அவருடைய வெட்கமும் இருக்கும். ஒவ்வொரு படியிலும் “இந்த நிலையில் இருப்பவர் இன்னது செய்யக்கூடியவர்” என்று நாளாந்த வேலைகளைச் சொல்லித்தான் விவரித்திருக்கிறார்கள். அந்த எழுத்து முறையே இலக்குக்கு நல்ல மாதிரி.

குடியுரிமைக்காகப் படிக்க வேண்டும் என்று யாராவது அம்மாவை அவசரப்படுத்தினால் அது தேவையில்லை. 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான் விண்ணப்பத்தோடு கேட்டலிலும் பேச்சிலும் சி.எல்.பி. 4 இருப்பதைக் காட்ட வேண்டும். 20 கேள்விகள் உள்ள குடியுரிமைச் சோதனையும் அந்த வயதினருக்குத்தான். 55 ஆகிவிட்டால் இரண்டும் இல்லை. ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும்போல அவருக்கும் உண்டு. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. லிங்க் 1992இல் தொடங்கிய, மத்திய அரசு பணம் கொடுத்து நடத்தும் திட்டம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உரியது. குடியுரிமை கிடைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு மாகாண அரசின் நிதியில் பள்ளிச் சபைகள் நடத்தும் வகுப்புகளுக்குப் போகலாம், அவையும் நல்லவைதான். ஆனாலும் அம்மா இப்போதைய ரீச்சரோடும் கூட்டாளிகளோடும் ஒட்டிப்போயிருந்தால், எப்போது விண்ணப்பிப்பது என்பதை அவரோடு சேர்ந்து யோசித்து முடிவெடுங்கள்.

சரி, சட்டம் கேட்கவில்லை என்றால் அம்மா எதற்காகப் படிக்க வேண்டும்? இதற்கான பதிலை அம்மாதான் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில். ஒரு சனிக்கிழமை தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து இப்படிக் கேளுங்கள்: “போன மாதம் எந்த இடத்திலை அம்மா, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிப்போட்டு வந்தனீங்கள்?” முதலில் “அப்படி ஒண்டும் இல்லை” என்பார். கொஞ்சம் பொறுத்திருங்கள். பிறகு வரும். பஸ்ஸில் டிரைவர் ஏதோ கேட்டது, பேரனின் பள்ளிக்கூட அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும்போது அந்தப் பெண் சிரித்தது, பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அம்மா மகன் இறந்ததைச் சொன்னபோது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியாகச் சொன்னது என் மாணவி ஒருவர் சொன்னது. அவருடைய அந்த வருட இலக்கு முழுக்க அந்தப் பக்கத்து வீட்டுப் படலைதான். “ஹவ் ஆர் யூ டுடே”யில் தொடங்கி, பிள்ளைகளைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் கதைப்பது. வருட முடிவில் அவர் எந்த லெவலில் இருந்தார் என்பதை மறந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒன்றாக நடக்கப் போகிறார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது.

அம்மா சொல்வதிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். உதாரணத்துக்கு இப்படி: “சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னம் கண் கிளினிக்குக்கு நானே ஃபோன் எடுத்து, அப்பொயின்ட்மென்ட் நாளை மாற்றுவன்.” குடும்ப டொக்டர் தமிழர் என்றால் அங்கே இந்தத் தேவை வராது, அதனால்தான் கண் கிளினிக்கைச் சொன்னேன். இந்த ஒரு அழைப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மூன்று மாதங்களுக்கான பாடம் அதிலேயே இருக்கும்.

முதலில் பெயர். நம் பெயர்களின் நீளம் உங்களுக்குத் தெரியும். “லாஸ்ட் நேம்” என்று கேட்டவுடன் அப்பாவின் பெயரைச் சொல்வதா, கணவரின் பெயரைச் சொல்வதா என்று பல அம்மாமார் தயங்குவார்கள். ஹெல்த் கார்டில் எது கடைசியாக இருக்கிறதோ அதுதான் என்று முடிவெடுத்து அதையே பழக்குங்கள். பிறகு அதை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் B, P என்ற இரண்டு வேறு எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டும் “பி”தான். ஃபோனில் அவை ஒன்றுபோலவே கேட்கும். “பேபியில் வரும் பி”, “பேப்பரில் வரும் பி” என்று துணைச்சொல் சேர்த்துச் சொல்லப் பழகினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் திருப்பிக் கேட்கமாட்டார். பெயரில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் அம்மாவே ஒரு துணைச்சொல் தேர்ந்தெடுத்து அட்டையில் எழுதட்டும். அதே அட்டையில் பிறந்த தேதி, ஃபோன் இலக்கம், ஹெல்த் கார்டின் 10 இலக்கங்கள், அதற்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகள், எம் 1 என்று தொடங்கும் தபால் குறியீடு. முதல் இரண்டு கிழமைகளுக்கு இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தாலும் முதல் நிமிடம் இதுதான், அந்த முதல் நிமிடத்தில்தான் நம் ஆட்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது எண்கள். தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டையும் மாறிக் கேட்டு நாளைத் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரியும். 13இல் அழுத்தம் பின்பகுதியில் விழும், 30இல் முன்பகுதியில். காதால் பிரிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. “வன் த்ரீ?” என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்டால் போதும்.

இந்தத் திருப்பிக் கேட்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். புதிதாகப் படிப்பவரைக் காப்பாற்றுவது ஆயிரம் சொற்கள் இல்லை, மூன்று வசனங்கள். “சொறி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?” என்பது ஒன்று. “ஐ ஆம் லேர்னிங் இங்கிலிஷ்” என்பது இரண்டாவது. இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மூன்றாவது, விளங்கியதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது: “சோ, டியூஸ்டே, டென் தேர்ட்டி, ரைட்?” நம் ஊர் வளர்ப்பில் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு போலவும், விளங்கவில்லை என்று காட்டுவது வெட்கம் போலவும் ஒரு பழக்கம் இருக்கிறது. அதனால் விளங்காவிட்டாலும் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அம்மாவுக்கு இந்த மூன்றும் நாக்கின் நுனியில் வந்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் எதிரில் இருப்பவரே சொல்லிக் கொடுப்பார்.

பயிற்சி எப்படிச் செய்வது? ஃபோனில் முகமும் கையும் தெரியாது. ஆகவே நீங்கள் அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, கிளினிக் பெண்ணாக ஃபோனில் கதையுங்கள். முதல் நாட்களில் மெதுவாக. பிறகு நிஜ வேகத்தில். பிறகு அம்மா எதிர்பாராத ஒரு கேள்வியைப் போடுங்கள்: “அன்றைக்கு இடமில்லை, அடுத்த கிழமை வரலாமா?” அவர் தடுமாறி அந்த மூன்று வசனங்களில் ஒன்றைப் பயன்படுத்தினால் அன்றைய பாடம் வெற்றி. நிஜ அழைப்புக்கு முதல் தடவை கிளினிக் பூட்டிய பிறகு எடுத்து, தகவல் பதிவில் பெயரையும் இலக்கத்தையும் விட்டுவிட்டு வைக்கலாம். அங்கே யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பகலில் எடுக்கும்போது ஒருவேளை எதிரில் இருப்பவர் எரிந்து விழலாம், வைத்தும்விடலாம். அது அம்மாவின் கணக்கில் வராது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஃபோன் எடுத்தது கணக்கு.

எப்போது பழகுவது என்பதையும் ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். “ஒவ்வொரு நாளும் படிப்பேன்” என்பதைவிட “காலைத் தேத்தண்ணி ஊற்றி வைத்ததும் அட்டையை எடுத்து ஒருக்கால் சத்தமாகச் சொல்வேன்” என்பது நிலைக்கிறது. “இது நடந்ததும் அதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுபவர்கள் நினைத்ததை அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதினார். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். படித்ததை மனம் எவ்வளவு வேகமாகக் கைவிடுகிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் குந்திப் படிப்பதைவிட ஏழு நாட்கள் பத்துப் பத்து நிமிடம் மேல்.

மாசியில் ஏன் நின்றுபோகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. அந்த மாதத்தில் ரொறன்ரோ எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனி, இருட்டு, மூட்டு வலி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். வகுப்பு ஒரு நாள் விட்டுப்போகும், பிறகு ஒரு கிழமை. விட்டவர் திரும்பிப் போக வெட்கப்படுவார். இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்யலாம். ஒன்று, ஜனவரி முதலாம் தேதியில் தொடங்காமல் பொங்கலில் தொடங்குங்கள். ஜனவரி ஒன்று நம் அம்மாமாருக்கு ஒரு கலண்டர் நாள்தான். தைப்பொங்கல் மனதுக்குள் இருக்கும் நாள். அந்த இரண்டு கிழமைகளும் இலக்கைக் கேட்டுக் கண்டுபிடிக்கத் தேவைப்படும். இரண்டு, வெளியே போக முடியாத நாளுக்கென்று ஒரு குறைந்த அளவை இப்போதே முடிவு செய்யுங்கள். அட்டையை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தால் அந்த நாள் போதும். “இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை” என்ற நினைப்புத்தான் கொப்பியை அலுமாரிக்குள் கொண்டுபோகிறது.

அம்மா கட்டாயம் சொல்லப்போகும் ஒரு வசனம் உண்டு: “இனி இந்த வயதிலை எங்கை ஏறப்போகுது.” அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழியை எப்படிப் பழகின என்று கேத்தரின் ஸ்னோவும் இன்னொரு ஆய்வாளரும் பார்த்து 1978இல் எழுதினார்கள். முதல் மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்தான் ஆகப் பின்னால் இருந்தார்கள். காலப்போக்கில் பிள்ளைகள் பெரியவர்களைத் தாண்டிப் போனார்கள் என்பதும் உண்மை. உச்சரிப்பில் பேரனை அம்மா எட்டப்போவதில்லை. ஆனால் ஒரு மொழியை ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்த, வாழ்க்கை என்றால் என்ன என்று தெரிந்த ஒருவருக்குத் தொடக்கம் கடினமாக இருக்க வேண்டியதில்லை. பேரனுக்கு “அப்பொயின்ட்மென்ட்” என்றால் என்னவென்றே முதலில் விளங்கப்படுத்த வேண்டும். அம்மாவுக்குச் சொல் மட்டும்தான் புதிது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒருவர் ஆங்கிலம் இல்லாமலே முழு வாழ்க்கையும் வாழலாம். தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், தமிழ் வக்கீல், கோயில், தமிழ் வானொலி. இது நம் சமூகம் கஷ்டப்பட்டுக் கட்டியெழுப்பியது, அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் வகுப்பில் காலையில் படித்த ஆங்கிலத்துக்குப் பின்னேரம் ஒரு வேலையும் இல்லை என்றால் அது தங்காது. ஆகவே கிழமைக்கு ஒரு காரியத்தை வேண்டுமென்றே ஆங்கிலம் தேவைப்படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு பார்மசி, ஒரு கோப்பிக்கடை, அல்லது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள் இருக்கின்றன, அட்டை இலவசம், பல கிளைகளில் ஆங்கிலம் பழகுபவர்களுக்கென்று பேச்சு வட்டங்கள் நடக்கின்றன. பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. சீனா, ஆப்கானிஸ்தான், எரித்ரியா என்று பல நாட்டவர் உடைந்த ஆங்கிலத்தில் கதைப்பதைக் கேட்கும்போது அம்மாவின் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

இனி உங்களுக்கு, தங்கச்சி. கோபிக்காமல் கேளுங்கள். அம்மாவுடைய ஆங்கிலத்துக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் நாங்கள், பிள்ளைகள்தான். கவுண்டரில் அவர் வாயைத் திறக்க முதல் நாங்கள் பதில் சொல்லிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், நேரமும் இல்லை. ஆனால் “என்னாலை ஏலாது” என்ற பாடத்தை அம்மா அந்தக் கவுண்டர்களில்தான் படிக்கிறார். அடுத்த முறை இரண்டடி பின்னால் நின்று, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து விநாடி மிக நீளமாக இருக்கும். பெரும்பாலும் ஏழிலோ எட்டிலோ அம்மா ஏதாவது சொல்லத் தொடங்குவார். சில இடங்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்: சத்திரசிகிச்சை, நோய் பற்றிய முடிவு, சட்டப் பத்திரம். அங்கே அம்மாவின் ஆங்கிலத்தையும் நம்ப வேண்டாம், உங்கள் மொழிபெயர்ப்பையும் நம்ப வேண்டாம். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஃபோன் வழியாகவாவது ஒருவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க நான் சொல்வது ஒன்றுதான். பொங்கலன்று அம்மா தன் பெயர், ஊர், பிள்ளைகள் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவதை அவருடைய ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். ஆனி மாதம் அதே விஷயத்தை மறுபடியும் பதிவு செய்துவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். வகுப்பில் இதைச் செய்யும்போது ஆட்கள் தங்கள் பழைய குரலைக் கேட்டுக் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பிழை திருத்துவது. கதைக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள். “ஏ”, “த” (a, the) விட்டுப்போவதையெல்லாம் விட்டுவிடுங்கள்; தமிழில் அவை இல்லை, வர நாளாகும், வராவிட்டாலும் கிளினிக் பெண்ணுக்கு விளங்கும். திருத்த வேண்டியது ஆபத்தான பிழையைத்தான், அப்படி ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது. “உங்களுக்கு மருந்து ஒவ்வாமை ஒன்றும் இல்லைத்தானே?” என்று தமிழில் கேட்டால், இல்லாதவர் “ஓம்” என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் “யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜீஸ்?” என்ற கேள்விக்கு அம்மா “யெஸ்” என்றால், கேட்பவர் ஒவ்வாமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே இருப்பவர் “நோ, ஐ ஹேவ்” என்று தொடங்கினால், முதல் சொல்லிலேயே இல்லை என்று எழுதிவிடவும் கூடும். அதனால் இப்படியான கேள்விகளுக்கு “யெஸ்”, “நோ” இரண்டையும் விட்டுவிட்டு முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்: “ஐ ஹேவ் நோ அலர்ஜீஸ்” அல்லது “ஐ ஹேவ் அன் அலர்ஜி”. இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து கேள்விகள் இப்படிக் கேட்டுப் பாருங்கள், நீங்களும் பதில் சொல்லுங்கள். முதல் நாள் இரண்டு பேரும் பிழை விடுவீர்கள்.